அந்த அறையில் இன்னொரு குரல்

மேசையைச் சுற்றி ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள். எதிரே இரண்டு அட்டைகள். ஒன்றில் ஒரே ஒரு கோடு, மற்றதில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். முதல் இரண்டு சுற்றிலும் எல்லோர் பதிலும் ஒன்றுதான். மூன்றாவது சுற்றில் முதலில் இருப்பவன் கண்ணுக்கு நேராகத் தப்பான கோட்டைச் சொல்கிறான். அடுத்தவனும் அதையே சொல்கிறான். அதற்கடுத்தவனும். கடைசிக்கு முந்தின நாற்காலிப் பையன் அட்டையை மறுபடி பார்க்கிறான், பக்கத்து முகங்களைப் பார்க்கிறான், சங்கடமாகச் சிரிக்கிறான். தன்னைத் தவிர மற்ற எல்லோரும் ஆய்வாளரிடம் முன்பே பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனை இது. தனியாகக் கேட்டால் நூற்றில் ஒன்றுகூடத் தப்பாத விஷயத்தில், கூட்டம் ஒருமனதாகத் தப்பாகச் சொன்ன சுற்றுகளில் மட்டும் 36.8 சதவீதப் பதில்கள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன. யாரும் மிரட்டவில்லை. அந்தப் பையன்கள் மந்தபுத்திக்காரர்களும் இல்லை.

வீட்டுப்பிள்ளை ஒருவர் இறுக்கமான மதக்குழு ஒன்றில் சேர்ந்துவிட்டால், அந்த நாற்காலியைத்தான் நான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். எந்த மதம் என்பது இங்கே கேள்வி இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குவது, சம்பளத்தை யாரிடம் கொடுப்பது, யாரைக் கல்யாணம் செய்துகொள்வது, அம்மாவோடு பேசலாமா கூடாதா என்பதுவரை குழுவே முடிவு செய்கிற இடங்களைப் பற்றித்தான் பேச்சு. அப்படிப் போனவரைப் பற்றி உறவினர்கள் சொல்கிற முதல் வார்த்தை, “மூளைச்சலவை பண்ணிட்டாங்க.” 1950இல் எட்வர்ட் ஹண்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சீனச் சொல் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் பரப்பிய சொல் இது. அங்கிருந்து தமிழுக்கும் வந்தது. குடும்பங்களுக்கு இந்தச் சொல் நல்லது செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஒருமுறை சலவை செய்துவிட்டார்கள், நாம் திருப்பி ஒருமுறை சலவை செய்தால் போதும் என்று அது நம்பவைத்துவிடுகிறது.

உண்மையில் நடப்பது வேறு. 1954இல் தென்கொரியாவில் சன் மியுங் மூன் தொடங்கிய ஒருமைப்பாட்டுச் சபையை எடுத்துக்கொள்ளலாம். உலகில் அதிகமாக ஆராயப்பட்ட குழுக்களில் இதுவும் ஒன்று. அது அமெரிக்காவில் கால் ஊன்றிய புதிதில், 1960களில், ஜான் லோஃப்லாண்ட், ராட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள் யார் சேர்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார்கள். போதனையைக் கேட்டு மயங்கிச் சேர்ந்தவர்களைவிட, உள்ளே இருப்பவர்களோடு ஏற்பட்ட ஒட்டுதல் வெளியே இருக்கிற ஒட்டுதலைவிடக் கனத்துப்போனதால் சேர்ந்தவர்களையே அவர்கள் பார்த்தார்கள். முதலில் சிநேகம், நம்பிக்கை பிறகுதான்.

1979இல் லண்டன் பக்கம் நடந்த அந்தச் சபையின் இரண்டு நாள் பயிலரங்குகளுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைச் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் எடுத்தார். வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பலர் தாமாகவே வெளியேறினார்கள். இரண்டு வருஷம் கழித்து முழுநேர உறுப்பினராக இருந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. சலவை இயந்திரம் என்று ஒன்று இருந்தால் இப்படியா வேலை செய்யும்? தூக்கம் கெட்டுக் கிடக்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இந்தக் கணக்கைத்தான். இப்படிப்பட்ட குழுக்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் நாம் உட்கார்த்திவைத்து வாதாடினால் ஏன் வேலைக்காவதில்லை? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1960களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வலுவிழந்த கிருமியைத் தடுப்பூசியாகப் போடுவதுபோல, எதிர்வாதத்தின் ஒரு சோனி வடிவத்தை முன்கூட்டியே காட்டி அதற்குப் பதிலும் சொல்லிக்கொடுத்துவிட்டால், பிற்பாடு நிஜமான வாதம் வரும்போது மனசு அசையாது. குழுக்கள் இந்த ஊசியை அனுபவத்திலேயே போடக் கற்றிருக்கின்றன. “உங்க வீட்டில் அழுவாங்க, நெட்டில் இருந்து எதையாவது எடுத்து அனுப்புவாங்க, நம்மைத் திருட்டுக் கும்பல்னு சொல்லுவாங்க, பாரு.” நாம் அழுகிறோம், அனுப்புகிறோம், சொல்கிறோம். தலைவர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. நம் வாயாலேயே அவருடைய வாக்குக்குச் சாட்சி சொல்லிவிட்டோம்.

பலவந்தத்தையும் பார்த்தாயிற்று. 1970களில் அமெரிக்காவில் டெட் பேட்ரிக் என்பவர் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வளர்ந்த பிள்ளைகளைத் தூக்கிவந்து அறையில் அடைத்து மனம் மாற்ற முயன்றார். சிலர் மாறினார்கள். சிலர் குழுவுக்கே திரும்பி ஓடினார்கள். அவர் சிறைக்குப் போனார். ஜப்பானில் ஒருமைப்பாட்டுச் சபை உறுப்பினர் ஒருவரை அவர் குடும்பமே 12 வருஷத்துக்கு மேல் அடுக்குமாடி வீடுகளில் அடைத்துவைத்திருந்தது. 2008இல் வெளியே விடப்பட்டவர் தன் நம்பிக்கையை விடவில்லை, வழக்குப் போட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம்வரை போய் நஷ்டஈடு உறுதியானது. அந்தக் குடும்பமும் பாசத்தில்தான் தொடங்கியிருக்கும். நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

சும்மா இரு, தானாகச் சரியாகும் என்று சொல்ல வரவில்லை. அதே ஜப்பானில் 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவைச் சுட்டவர், தன் அம்மா அந்தச் சபைக்குக் கொட்டிக்கொடுத்த காணிக்கையால் குடும்பமே அழிந்ததென்று சொன்னார். கொடுத்த தொகை சுமார் 10 கோடி யென். கொலைக்கு அது நியாயமாகாது, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாடு நிஜம். அவ்வருட டிசம்பரிலேயே காணிக்கை என்ற பேரில் மனசை மிரட்டிப் பணம் பிடுங்குவதைத் தடுக்க அங்கே சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சபையின் ஜப்பானியக் கிளையைக் கலைக்க உத்தரவிட்டது. குழந்தைக்கு மருந்து மறுக்கிறார்கள், அடிக்கிறார்கள், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றால் அன்றைக்கே வக்கீலையோ போலீசையோ பார்க்க வேண்டியதுதான். உள்ளே இருக்கிற பிள்ளை பணமாகக் கேட்டால் கொடுக்காமல், ஊருக்கு வர டிக்கெட்டாக, பல் வைத்தியச் செலவாக, பொருளாகச் செய்வது நல்லது. பணம் அவர் கையில் தங்காது.

மற்ற நாட்களில் என்ன செய்வது என்பதற்கு ஆஷின் அந்த அறைக்கே திரும்பிப் போகலாம். அவர் சோதனையில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவனை மட்டும் சரியான பதிலைச் சொல்லவைத்தார். கூட்டத்தோடு சாய்ந்த பதில்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன. இதைவிட எனக்கு வியப்பான இன்னொன்று: அந்த ஒருவன் கூட்டத்தைவிட மோசமாகத் தப்பாகச் சொன்னபோதும் பலன் இருந்தது! அறை ஒருமனதாக இல்லை என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது. கோடும் கடவுளும் ஒன்றல்ல, ஒரு பிற்பகலும் ஆறு வருஷமும் ஒன்றல்ல. இருந்தாலும் லோஃப்லாண்டும் ஸ்டார்க்கும் கண்டதோடு சேர்த்துப் பார்த்தால் குடும்பத்தின் இடம் எதுவென்று தெரிகிறது. வாதத்தில் ஜெயிப்பது அதன் வேலை இல்லை. அறையில் இன்னொரு குரலாக நீடிப்பதுதான் வேலை.

அதனால் போனில் “எப்ப அதை விட்டுட்டு வரப்போற?” என்று கேட்கிற அம்மாவைவிட, “பின்பக்க முருங்கை காத்துல ஒடிஞ்சு விழுந்துடுச்சுடா, காயெல்லாம் வீணாப்போச்சு” என்கிற அம்மாவின் குரல் ஆழமாகப் போகும். அதுவரை குழுவின் வாசகங்களையே ஒப்பித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று “எந்தக் கிளைம்மா?” என்று கேட்பான். கேட்பது அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவனிடம் பேசுங்கள். நம்பாததை நம்புவதாக நடிக்கவும் வேண்டாம். “எனக்கு அதில் நம்பிக்கை இல்லைப்பா” என்று ஒருமுறை சொன்னால் போதும், ஒவ்வொரு அழைப்பிலும் வேண்டாம். போனை எடுக்கவில்லை என்றால் பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவனுடைய கட்டிலை அகற்றாதீர்கள். கூடவே, வீட்டில் இருக்கிற இன்னொரு பிள்ளையின் பரீட்சையையும் உங்கள் சர்க்கரை மாத்திரையையும் மறந்துவிடாதீர்கள். இது வருஷக்கணக்கில் போகலாம்.

ஆஷ் இன்னொன்றும் செய்து பார்த்தார். சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒருவனை, கல்லூரி டீனைப் பார்க்கப் போக வேண்டும் என்று பாதியில் எழுந்து போகவைத்தார். அவன் போன பிறகு தப்புகள் கொஞ்சம் கூடின. ஆனால் அவன் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால் கூடுகிற அளவுக்கு இல்லை. ஆள் போன பிறகும் குரல் அறையில் மிச்சம் இருந்தது. சோதனை முடிந்து கேட்டபோது, அந்தத் துணைவன்மேல் தங்களுக்கு ஒரு பிரியம் வந்ததாக மாணவர்கள் சொன்னார்கள். அவனால்தான் நிமிர்ந்து நின்றீர்களா என்று கேட்டதற்கு, இல்லை, நாங்களாகவே நின்றோம் என்றார்கள்.