பெக்கோ இறங்குமுன் பேசி முடிக்க வேண்டியவை

படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள வயற்பகுதி) ஒரு வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போடும் வேலையை எடுத்துக்கொள்வோம். கடதாசியில் சம்பந்தப்பட்டோர் நான்கே பேர்: திணைக்களம், கொந்தராத்துக்காரர், பிரதேச செயலகம், கமக்காரர் அமைப்பு. வேலை தொடங்கி மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் வந்து பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) மறிக்கிறார். அவர் பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவராக இருப்பதில்லை.

மாட்டுப் பட்டிக்காரரை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. மண் வாய்க்காலில் சரிவால் இறங்கி ஏறிய மாடு, நெட்டுக்குத்தான கொங்கிரீட் சுவருக்குள் விழுந்தால் ஏற முடியாது. ஒரு மாடு செத்தால் அடுத்த வாரம் சுவர் உடைந்திருக்கும். வாய்க்காலில் குளிக்கிற, உடுப்புத் துவைக்கிற பெண்களுக்குப் படி இல்லாமல் போகும். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலுக்குள் இறங்கும் இடம் அடைபடும். இவற்றுக்குத் தேவை ஒரு சாய்தளம், நாலு படி, ஒரு கடவை. மதிப்பீடு தயாராகுமுன் கேட்டால் அது பட்டியலில் ஒரு வரி. ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு கேட்டால் மேலதிக வேலை. அதற்கு அனுமதி வரும்வரை வேலையும் நிற்கும், கோபமும் ஏறும்.

ஆகவே சம்பந்தப்பட்டோர் பட்டியலை அலுவலகத்தில் இருந்து எழுதக்கூடாது. துருசிலிருந்து (குளத்து நீர் திறக்கும் மதகு) கடை வட்டை (வாய்க்கால் முடியும் இடத்து வயல்கள்) வரை வாய்க்கால் ஓரமாக இரண்டு தடவை நடக்க வேண்டும், காலையில் ஒருக்கால், மாடு திரும்பும் பின்னேரத்தில் ஒருக்கால். வாய்க்காலைத் தொடுகிறவர் எல்லாரும் பட்டியலில் வரவேண்டும். வட்டவிதானையும் (வயலில் நீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர்) கூட வந்தால் பாதி வேலை குறையும், அவருக்கு எந்த மதகில் யாருக்கு யாரோடு பழைய மனக்கசப்பு என்பது தெரியும். ஆனால் அவர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியலை மூடிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல் இங்குள்ள காணி முறையில் இருக்கிறது. காணிக்காரர் பலர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிறார்கள், வயலில் நிற்பவர் குத்தகைக்காரர். கிழமை நாள் காலையில் கூட்டம் வைத்தால் ஒருவர் வருவார், மற்றவர் வரமாட்டார். காணிக்காரர் ஓரடி நிலம் விட்டுக்கொடுக்கக் கையெழுத்து வைப்பார். அந்தப் போகத்துக்குப் பயிர் வைத்தவருக்கு அது தெரியாது. இருவரிடமும் தனித்தனியே கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

செய்தி எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 12 பேர் ஒருவரோடொருவர் பேசினால் 66 வழிகள். மூன்று பேர் கூடி 15 ஆனால் 105. இத்தனை வழியையும் யாராலும் கட்டுப்படுத்த முடியாது, தேநீர்க்கடை வழி இந்தக் கணக்கிலேயே இல்லை. முடிவதெல்லாம், உங்கள் செய்தி மற்றச் செய்திகளுக்கு முந்திப் போவதைப் பார்த்துக்கொள்வதுதான். எல்லாருக்கும் ஒரே அறிக்கையை அனுப்புவதில் பயனில்லை. விவசாயிக்கு வேண்டியது தண்ணீர் மறிக்கும் நாளும் விடும் நாளும். கொந்தராத்துக்காரருக்கு வேண்டியது அளவெடுக்கும் நாளும் காசு வரும் நாளும். செயலகத்துக்கு முன்னேற்ற வீதமும் கிடப்பிலுள்ள முறைப்பாடுகளும் போதும்.

திகதியைப் பற்றித்தான் அதிகம் பொய் சொல்லப்படுகிறது. சிறுபோக அறுவடைக்கும் வடகீழ்ப் பருவமழைக்கும் இடையில் வாய்க்கால் காய்ந்திருப்பது ஏறத்தாழ இரண்டு மாதந்தான். அதற்குள் மண் வெட்டி, கொங்கிரீட் போட்டு, குறைந்தது 7 நாள் நீர் காட்டிப் பதப்படுத்த வேண்டும். பிந்துமென்று தெரிந்த அன்றே சொன்னால் விவசாயி விதைப்பைத் தள்ளிவைப்பார், குறுகிய வயது நெல்லுக்கு மாறுவார். பயிர் குடலைப் பருவத்தில் (கதிர் வெளிவருமுன்) நிற்கும்போது சொன்னால் அவருக்கு மாற்று வழியே இல்லை, பிறகு அவர் றோட்டுக்குத்தான் வருவார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வாயிலிருந்து வரும் “மறுகா பாப்பம்” (பிறகு பார்ப்போம்) என்ற இரண்டு சொல்லைப் போல ஒரு திட்டத்தைக் கெடுப்பது வேறொன்றில்லை. தெரியாவிட்டால், “வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன்” என்று சொல்லி, பதில் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை போய் நிற்க வேண்டும்.

வேலைத்தளத்தில் பலகை ஒன்று வேண்டும்: வேலையின் பெயர், தொகை, நீளம், ஒப்பந்தகாரர், தொடங்கும் முடியும் நாட்கள், முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த விபரங்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கேட்கக் கூடியதை மறைத்து வைத்தால் சந்தேகந்தான் வளரும்.

பிணக்கு வந்தபின் முதல் வேலை, அது எந்த வகை என்று பிரிப்பது. “மேட்டு வட்டைக்காரன் தண்ணியை மறிக்கிறான்” என்பது அளந்து தீர்க்கக் கூடியது. இரு தரப்பையும் மதகடிக்குக் கூட்டிப்போய், அளவுகோலை நட்டு, ஒரே நாளில் மூன்று நேரம் நீர்மட்டம் குறித்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். பொதுக் கூட்டத்தில் இதைப் பேசவே கூடாது. ஊருக்கு முன் வாய் விட்டவர் பிறகு இறங்கி வருவது கஷ்டம். தனித்தனியே கேளுங்கள், இரண்டு நாளுக்குள் கேளுங்கள். ஒரு தரப்பின் வீட்டில் தேநீர் குடித்தால் மற்றத் தரப்பு வீட்டிலும் குடியுங்கள் (சின்ன விசயந்தான், ஆனால் இங்கே எண்ணப்படும்).

அளந்து தீராதது நலன் முரண். மழைக்காலத்தில் முகத்துவாரம் (வாவி கடலில் கலக்கும் இடம்) வெட்டும் பிரச்சினை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வயல் மூழ்கிய விவசாயி ஆற்றுவாயை உடனே வெட்டச் சொல்வார். இறால் வளரட்டும் என்று வாவி மீனவர் பொறுக்கச் சொல்வார். வெட்டுவதா வேண்டாமா என்று கேட்டால் இரண்டில் ஒருவர் தோற்க வேண்டும். எந்த நீர்மட்டம் வந்தால், எவ்வளவு அகலத்தில், எத்தனை நாள் முன்னறிவித்து என்று கேட்டால் பேச இடம் பிறக்கிறது. அந்த அளவையும் மழைக்கு முன் பேசி எழுதி வைக்க வேண்டும். வயலில் வெள்ளம் நிற்கும்போது யாருக்கும் பொறுமை இராது.

அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981இல் நடந்ததை இத்துறையில் உள்ளவர்கள் படிக்க வேண்டும். மேல்பகுதியில் சிங்கள விவசாயிகள், வாய்க்காலின் கடைசியில் தமிழ் விவசாயிகள், குளத்தில் தண்ணீரோ குறைவு. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை ஊர்களில் தங்க வைத்தன. அவர்கள் முதலில் சங்கம் பதியவில்லை. ஒரு வயல் வாய்க்காலைப் பங்கிடும் சிறு குழுக்களோடு பேசி, வாய்க்கால் துப்புரவையும் முறைத் தண்ணீரையும் (முறை வைத்து நீர் விடுவது) தொடங்கினார்கள். மிஞ்சிய நீர் கீழே போயிற்று. அம்பாறையில் இன்றும் கூட்டக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் கொடுப்பது அவசியம். பிந்தி வரும் மொழிபெயர்ப்பை யாரும் நம்புவதில்லை.

உடன்பாடு வந்தால் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யார், எதை, எந்த நாளுக்குள், செய்யாவிட்டால் யாரிடம் போவது. கூட்டக் குறிப்பு 24 மணித்தியாலத்துக்குள் வாட்ஸ்அப்பில் போகட்டும், அச்சுப் பிரதி கமநல சேவை நிலையத்தில் தொங்கட்டும். தளத்தில் 3 நாளில் தீராதது குழுவுக்கு, அங்கே 7 நாளில் தீராதது பிரதேச செயலாளருக்கு என்று படிகளை முன்பே தீர்மானித்துக்கொள்ளலாம். தனிப்பட்டவர்களின் எல்லைத் தகராறு என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, அதைத் திட்ட அலுவலகம் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

உத்தியோகத்தர் இடமாற்றமாகிப் போகும்போது கோப்புகளும் திறப்பும் கைமாறும், முறைப்பாட்டுப் புத்தகமும் உடன்பாட்டுத் தாள்களும் லாச்சிக்குள் கிடக்கும். புதிதாக வருபவரைப் பட்டிக்காரரிடமும் கடை வட்டைக்காரரிடமும் நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவதற்கு அரை நாள் போதும்.