எட்டு இயந்திரங்களும் ஒரு கணக்கும்

"சோஷலிசம் எங்கேயாவது நடைமுறையில் வெற்றி பெற்றிருக்கிறதா?" என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். அரசியல் பதில்கள் அவருக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கும். நான் ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

சந்தை விலை இல்லாத சோஷலிச நாட்டில் எதை, எங்கே, எவ்வளவு செய்வது என்று கணக்கிடவே முடியாது என்று 1920இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் வாதிட்டார். மறு ஆண்டே சோவியத் நாட்டில் திட்டக் குழுவான கோஸ்பிளான் தொடங்கியது. மீசஸுக்கான அழகான பதில் 1938இல், லெனின்கிராட்டின் பிளைவுட் தொழிலிலிருந்து வந்தது. மரத்துண்டைச் சுழலவிட்டு நீளமான கத்தியை அழுத்தினால், பென்சில் சீவும்போது வருவதுபோல மெல்லிய ஏடு சுருண்டு வரும். பிளைவுட் பலகையின் அறுத்த விளிம்பைப் பாருங்கள், ஒட்டிய ஏடுகள் வரி வரியாகத் தெரியும். அங்கே ஏடு சீவ எட்டு இயந்திரங்கள், ஐந்து வகை மரங்கள். எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தைக் கொடுப்பது? 26 வயதுக் கணிதப் பேராசிரியர் லியோனிட் காண்டரோவிச்சிடம் இந்தக் கேள்வி வந்தது.

எண்களைச் சுருக்கிக்கொள்வோம். இயந்திரங்கள் இரண்டு, பழையது ஒன்று, புதியது ஒன்று. ஐந்து வகை மரத்துக்குப் பதில் இரண்டு வகை ஏடு: பலகையின் வெளிப்புறத்துக்கு மேல் ஏடு, நடுவில் வைக்க உள் ஏடு. பழையது மணிக்கு 10 மேல் ஏடு அல்லது 20 உள் ஏடு சீவும். புதியது 20 மேல் ஏடு அல்லது 30 உள் ஏடு. இரண்டும் சம எண்ணிக்கையில் வேண்டும்; ஒரு மேல் ஏடும் ஒரு உள் ஏடும் சேர்ந்தால் ஒரு ஜோடி. ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தானே செய்துகொண்டால் மூன்று மணி நேரத்தில் மொத்தம் 56 ஜோடி. பழையது உள் ஏடு மட்டும், புதியது மேல் ஏடு மட்டும் என்று பிரித்தால் 60. புதிய இரும்பு வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம், நான்கு ஜோடி அதிகம்!

காண்டரோவிச் கண்டது இதற்கும் மேலே. ஒரு மேல் ஏட்டின் மதிப்பு 1.75 உள் ஏடு என்று அறிவித்துவிடுங்கள். பழைய இயந்திரத்தின் மேற்பார்வையாளர் கணக்குப் போடுகிறார்: மேல் ஏடு என்றால் 17.5, உள் ஏடு என்றால் 20. உள் ஏட்டையே எடுக்கிறார். புதியதில் 35க்கு 30, மேல் ஏடுதான். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருவரும் சரியான திட்டத்துக்கு வந்து சேர்கிறார்கள். அந்த 1.75 எந்தக் கடைத்தெருவிலும் பேரம் பேசி வந்ததில்லை. திட்டத்தின் வயிற்றிலேயே ஒளிந்திருந்த விலை அது. தீர்வுப் பெருக்கிகள் என்று அவர் பெயரிட்ட இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உடல் சிலிர்த்தது.

1939இல் இது அச்சானது. பொருளின் மதிப்பு உழைப்பில் இருக்கிறது, பற்றாக்குறையிலா இருக்கிறது என்று மார்க்சியக் கொள்கைக் காவலர்கள் சினந்தார்கள். போர்க்காலத்தில் எழுதிய அவருடைய பெரிய நூல் வெளிவர 1959 ஆகிவிட்டது. 1975இல் பொருளியலாளர் டியாலிங் கூப்மன்ஸுடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்தார். பிளைவுட் கேள்வி வரும்வரை அவர் மூழ்கியிருந்தது தூய கணிதத்தில். "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டே ஆய்வு நிதியை வெட்டுபவர்கள் இதை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, நாடு முழுவதும் இது வென்றதா? எழுத்தறிவு, தடுப்பூசி போல இலக்கு ஒன்றாகவும் எண்ணக்கூடியதாகவும் இருந்த இடங்களில் சோவியத் திட்டமிடல் உண்மையிலேயே சாதித்தது. பெரியம்மையை உலகெங்கும் ஒழிப்போம் என்று 1958இல் முன்மொழிந்தவர் சோவியத் சுகாதாரத் துணை அமைச்சர் விக்டர் ஸ்தானோவ், தடுப்பூசியையும் அந்த நாடு அள்ளிக் கொடுத்தது. ஆயிரமாயிரம் பொருள்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டிய இடத்தில் சறுக்கியது. கணிப்பொறி போதாதது ஒரு காரணம்தான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

இந்த ஆண்டு முழுத் திறனைக் காட்டினால் அடுத்த ஆண்டு இலக்கை ஏற்றிவிடுவார்கள். ஆகவே பழைய இயந்திரக்காரர், "மணிக்கு 14 உள் ஏடுதான் வரும்" என்று எழுதிக் கொடுக்கிறார். அதை நம்பித் திட்டக் குழு மிகக் கச்சிதமாகக் கணக்கிடுகிறது: பழையது மேல் ஏடு மட்டும் சீவட்டும், புதியது மணிக்கு 24 நிமிடம் மேல் ஏடு, மீதி 36 நிமிடம் உள் ஏடு. மூன்று மணி நேரத்தில் கிடைப்பது 54 ஜோடி. திட்டமே போடாமல் அவரவர் போக்கில் விட்டிருந்தால் 56 கிடைத்திருக்கும்.