ஹுட்: முக்காடா, எறவாணமா?

வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் சாயங்கால வெயிலில் கல்யாண ஜோடியை நிறுத்திப் படம் எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். லென்ஸ் முனையில் கறுப்பு வளையம் ஒன்று மாட்டியிருக்கும். அது போதாதென்று இடது உள்ளங்கையையும் மேலே கவித்துப் பிடிப்பார். அந்த வளையம்தான் லென்ஸ் ஹுட். ஸ்டூடியோக்காரர் வாயில் ‘ஹுட்டு’.

லென்ஸ் என்றால் லத்தீனில் மைசூர்ப் பருப்பு. நடு தடித்து ஓரம் மெலிந்த கண்ணாடிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் வில்லை. ஹுட் என்பது தலையை மூடும் துணி. தொப்பியைக் குறிக்கும் ‘ஹேட்’ அதற்குப் பங்காளி முறை. நேராகத் தமிழாக்கினால் முக்காடு. மழையில் சாக்கை மடித்துத் தலையில் போடும் கொங்காணி என்றாலும் பொருந்தும். ‘வில்லை மூடி’ என்று மட்டும் எழுதாதீர்கள். படம் எடுக்கும்போது கழற்றுவது மூடி, மாட்டுவது ஹுட்.

எனக்கு முக்காட்டிலும் முழுத் திருப்தி இல்லை. ஓட்டு வீட்டில் சுவரைத் தாண்டி நீண்டிருக்குமே, அரிவாள் செருகி வைக்கிற இடம், அந்த இறவாணம்தான் சரியான உவமை. எங்கள் பேச்சில் எறவாணம். மழை வாசல் வழியே நேராக வருவதில்லை, சாரலாகத்தான் உள்ளே அடிக்கும். லென்ஸுக்கும் அதே கதைதான். படத்துக்குள் இல்லாத சூரியனின் ஒளி பக்கவாட்டில் வந்து முன் கண்ணாடியில் விழுகிறது. உள்ளே இருக்கிற கண்ணாடிகளுக்கிடையே எதிரொளித்துப் படத்தை வெளிறச் செய்கிறது. சில சமயம் வட்டவட்டமாகப் பேய்ப்புள்ளிகளும் விழும். சூரியனே படத்துக்குள் இருந்தால் எந்த ஹுட்டும் உதவாது.

எறவாணம் குட்டையானால் சாரல் அடிக்கும், ரொம்ப நீண்டால் தெருவை மறைக்கும். ஹுட் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதுதான். லென்ஸ் முனையின் 58 மி.மீ. திருகு சேர்கிறதே என்று, குறுகலாகப் பார்க்கும் 85 மி.மீ. லென்ஸின் ஹுட்டை நான் ஒருமுறை அகலமாகப் பார்க்கும் 35 மி.மீ. லென்ஸில் மாட்டி, ஒரு காதுகுத்து முழுவதையும் நாலு மூலையும் கறுக்க எடுத்துத் தொலைத்தேன்.

இதழ் இதழாக வெட்டிய ஹுட் அழகுக்காக அல்ல. படம் நீள்சதுரம், லென்ஸ் மூலைகளில்தான் அதிக அகலம் பார்க்கிறது. அதனால் மூலைக்கு நேரே பள்ளம், மேலும் கீழும் நீண்ட இதழ். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும் லென்ஸானால் இதழ்களும் இடம் மாறிவிடும். அதற்கு வட்ட ஹுட்தான். அப்புறம், உள்பக்கம் மினுமினுப்பில்லாத கறுப்பாக இருக்கட்டும். பளபளக்கிற பிளாஸ்டிக் தானே ஒளியை உள்ளே தள்ளும். பைக்குள் வைப்பதற்காகத் திருப்பி மாட்டிய ஹுட்டோடு உச்சி வெயிலில் படம் எடுப்பவர்களை என்ன சொல்வது!

ஜூம் லென்ஸில்தான் சிக்கல். முழுச் சட்டக் கேமராவில், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவே உணரி உள்ள ‘ஃபுல் ஃப்ரேம்’ கேமராவில், 24-105 மி.மீ. லென்ஸ் 24இல் மூலைக்கு மூலை 84 பாகை பார்க்கும். 105இல் சுமார் 23 பாகைதான். ஹுட்டை 24க்கு அளவெடுத்துத்தான் செய்ய முடியும், இல்லாவிட்டால் மூலை கறுத்துவிடும். ஆகவே 105க்கு அது குட்டை எறவாணம். அகழிக்கரைக்காரர் ஹுட் மாட்டியும் கையைத் தூக்குவது அதனால்தான்.