தோற்ற மீன் எங்கே போகும்?

ஒரே தொட்டியில் இரண்டு ஆஸ்கார் மீன்கள். ஒன்று செதில் உதிர்ந்து, வால் ஓரம் கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. மற்றது தொட்டி முழுக்க வலம் வருகிறது. பார்ப்பவர் உடனே சொல்வார்: “பெரியது சரியான முரடு.” எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அங்கே நடப்பது முடியத் தெரியாத ஒரு சண்டை.

ஆஸ்கார் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன்கள் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் துடுப்புகளை விரித்து, பக்கவாட்டில் நின்று, உடம்பைப் பெரிதாக்கிக் காட்டும். செவுள் மூடியை விடைக்கும். அடுத்து வாலை வீசி எதிரியின் மேல் நீரைத் தள்ளும். அந்தத் தள்ளலை எதிரி தன் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பால் உணரும். அதிலும் முடிவு தெரியாவிட்டால்தான் வாயோடு வாய் கவ்வி இழுப்பது. ஒவ்வொரு கட்டமும் பலம் பார்ப்பதற்கே. காயம் படாமல் முடிந்தால் இருவருக்கும் லாபம்.

தோற்றது துடுப்பை மடக்கி, நிறம் மங்கி, இடத்தைக் காலி செய்யும். ஆற்றில் அத்தோடு கதை முடிந்தது. தொட்டியில் துடுப்பை மடக்கலாம், நிறம் மங்கலாம், போவதற்குத்தான் இடமில்லை. வென்றதின் கண்ணுக்கு, எதிரி இன்னும் தன் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. எனவே மறுபடி துரத்தும், மறுநாளும் துரத்தும். தோற்றதின் உடலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியே இருப்பதால் நோய் எதிர்ப்பு குன்றும். பல மீன்கள் கடிபட்டதால் சாவதில்லை, கடிபட்ட புண்ணில் பின்னால் வரும் தொற்றால் சாகின்றன.

இந்தப் பேச்சுவார்த்தையில் வாசனைக்கும் பங்குண்டு. சில சிக்லிட் மீன்கள் மோதலின்போது சிறுநீர் கழித்து, தம் நிலையை எதிரிக்குத் தெரிவிக்கின்றன. சிக்லிட் இனமான ஏஞ்சல் மீன்களை வைத்துச் செய்த சோதனையில், நீரை அதிகம் மாற்றியபோது குழுவில் மோதலும் கூடியது. யார் பெரியவர் என்ற தகவல் நீரோடு போய்விட, கணக்கைத் திரும்ப முதலிலிருந்து போட வேண்டியதாகிறது. சுத்தம் செய்த அன்று மீன்கள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று குழம்பியவர்களுக்கு இது ஒரு விடை. நீர் மாற்றுவதை நிறுத்தக் கூடாது, மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியா எந்த எதிரியைவிடவும் கொடியது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி மாற்றலாம்.

வேடிக்கை பார்க்கும் மீனும் சும்மா இருப்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்க சிக்லிட் ஆண் மீன்கள் பிறர் சண்டையைப் பார்த்தே, நேருக்கு நேர் மோதாத இரண்டில் எது வலியது என்று ஊகித்தன. ஆகவே அட்டகாசம் செய்யும் ஒன்றை வெளியே எடுத்தால் அமைதி வந்துவிடும் என்று நம்பாதீர்கள். இரண்டாம் இடத்தில் இருந்தது பெரும்பாலும் அன்றே நாற்காலியில் ஏறிவிடும்.

அப்படியானால் பெரிய தொட்டி வாங்கினால் போதுமா? மைடாஸ் சிக்லிட் குஞ்சுகளை வைத்து 2011-ல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. இடத்தையோ எண்ணிக்கையையோ கொஞ்சம் கூட்டிக் குறைத்ததில் வித்தியாசம் தெரியவில்லை. மிகப் பெரிய தொட்டியில், மறைவிடங்களும் நிறைந்திருந்தபோதுதான் சண்டை குறைந்தது. பார்வையை மறிப்பதே முக்கியம் என்பது என் எண்ணம்: கல், மரக்கட்டை, எதுவானாலும் ஒரு மீன் மற்றதின் கண்ணிலிருந்து சில நொடிகளாவது நழுவ முடிய வேண்டும். குகை வைத்தால் இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் உள்ள குகை தோற்ற மீனுக்குப் பொறி. புது மீன் விடும் நாளில் கற்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டால், பழைய மீனுக்கும் அது அந்நிய ஊராகிவிடும். சொந்த இடம் என்ற தெம்பு குறையும். இத்தனைக்குப் பிறகும் ஒத்துப்போகாத ஜோடிகள் உண்டு. அவற்றுக்கு இன்னொரு தொட்டிதான் வழி.

இரை தின்பது வேறு கதை, அதில் கோபமே கிடையாது. ரெட்டெயில் கேட்ஃபிஷ் என்ற பெரிய கெளுத்தி வாயைச் சட்டென்று அகலத் திறக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, நீரோடு இரையும் இழுபட்டு உள்ளே போய்விடும். எனவே வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்குத் தீனிதான், ஒரு வருடம் கூடவே வளர்ந்த மீனாக இருந்தாலும். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய அதன் வாயை இன்றைய அளவில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. முள் உள்ள சிறு கெளுத்தியை விழுங்கினால் தொண்டையில் சிக்கி, விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்தே சாகலாம்.

மனிதருக்கான ஆபத்துகளும் உண்டு. பெரிய மீன் ஒரு திமிறலில் கண்ணாடி ஹீட்டரை உடைத்துவிடும். உறை போட்டு வையுங்கள், கையை விடுமுன் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். கிளையில் இருக்கும் பூச்சியை எட்டிப் பிடிக்கத் தாவும் அரோவானா மீனுக்குக் கனமான மூடி வேண்டும். நன்னீர்த் திருக்கையின் வால் முள்ளில் விஷம் இருக்கிறது. குத்தினால் தோல் வேகாத அளவுக்குச் சூடான நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி தணியும், ஏனெனில் விஷத்திலுள்ள புரதங்கள் சூட்டில் சிதையும். பிறகு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழக்கமுள்ளது. எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கையை விடுங்கள்.