நிலையறி தேர்வு: ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’டுக்குத் தமிழ் எது?

பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர்களுக்கு நடத்தும் ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’ என்பதை ‘இட ஒதுக்கீட்டுத் தேர்வு’ என்று எழுதும் வழக்கம் மாணவர் கையேடுகளிலும் கல்விச் செய்திகளிலும் பரவிவருகிறது. எந்திர மொழிபெயர்ப்பின் கோளாறு என்று தொடக்கத்தில் ஒதுக்கிவிட முடிந்தது. இப்போது மனிதர்களும் கூசாமல் அப்படியே எழுதுகிறார்கள். “இட ஒதுக்கீட்டுத் தேர்வில் தோல்வியுறுவோர் துணைப் பாடத்தில் சேர்க்கப்படுவர்” என்று ஒரு கையேட்டில் கண்டேன். அந்தத் தேர்வுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் தொடர்பில்லை. அதில் தோல்வி என்ற ஒன்றும் இல்லை. ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

இந்தத் தேர்வு செய்யும் வேலை மிக எளிமையானது. மாணவருக்கு அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கணிதத்திலோ மொழியிலோ அவர் எந்தப் படியிலிருந்து தொடங்கலாம் என்பதை மட்டும் இது காட்டுகிறது. கணினிவழித் தேர்வுகள் பலவற்றில், அளிக்கும் விடையைப் பொறுத்தே அடுத்த வினாவின் கடினம் கூடும் அல்லது குறையும். பின்னங்களைச் சரியாகச் செய்தவருக்கு ஒருபடிச் சமன்பாடு வரும். அதையும் முடித்தால் இருபடிச் சமன்பாடு வரும். மடக்கையில் அவர் தொடர்ந்து தடுமாறினால், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடமே அவருக்கு உரியது என்று முடிவு வரும். மொழிப் பாடங்களில், மொழித்திறனை அளப்பதற்காக 2001இல் வெளியான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தின் ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளில் மாணவர் எங்கே நிற்கிறார் என்பதை இத்தகைய தேர்வைக் கொண்டே பல நிறுவனங்கள் முடிவுசெய்கின்றன.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பிளேஸ்’ என்பது அகன்ற தெருவைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பிளாசா’வும் அதன் உறவுதான். தெரு இடமாயிற்று, இடம் பின்னர் வரிசையில் ஒருவர் நிற்கும் நிலையையும் குறிக்கலாயிற்று. ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’டில் உள்ளது இந்தக் கடைசிப் பொருளே. நம்முடைய ‘தேர்’ என்ற வினைக்கு ஆராய்தல் என்பது பழைய பொருள். “தேறற்க யாரையும் தேராது” என்னும் குறளில் (509) அந்தப் பொருளைக் காணலாம்.

‘இட ஒதுக்கீடு’ என்போர் சொல்லும் நியாயம், ‘பிளேஸ்’ என்றால் இடம், அதை அளிப்பது ஒதுக்கீடு, ஆகவே சொல்லுக்குச் சொல் சரி என்பது. அகராதியை மட்டும் பார்த்தால் சரிதான்; தமிழைப் பார்த்தால் சரியில்லை. இட ஒதுக்கீடு என்பது இந்தியத் தமிழ் வாசகர் மனத்தில் சமூகநீதிக்கான ஏற்பாட்டைக் குறிக்கும் சொல்லாக உறைந்துவிட்டது. 1951இல் இந்திய அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கே காரணமாக இருந்த ஒரு பொருளின் பெயரை, கணிதப் பாடப் படியை அறியும் தேர்வுக்குச் சூட்டினால், படிப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? ‘ஒதுக்கீடு’ என்பதை நீக்கி ‘இடமளிப்புத் தேர்வு’ என்றாலும் சிக்கல் தீராது. கல்விப் பேச்சில் ‘இடம் கிடைத்தது’ என்றால் அனுமதி கிடைத்தது என்றுதான் பொருள். இந்தத் தேர்வை எழுதுபவரோ இடம் கிடைத்தவர். கிடைத்த இடத்துக்கு மறுபடியும் தேர்வா என்று அவர் அஞ்சினால் குறை அவரிடம் இல்லை.

‘வேலைவாய்ப்புத் தேர்வு’ என்று எழுதுவோரும் உண்டு. கல்லூரிகளில் ‘பிளேஸ்மென்ட்’ என்றாலே வேலை என்று ஆகிவிட்டதன் விளைவு அது. படிப்பைத் தொடங்கும் முன்பே வேலை தருவதாகச் சொல்லும் அந்தச் சொல்லைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

‘தரப்படுத்தல் தேர்வு’ என்ற ஆக்கத்தைச் செய்தவர், தமிழ் படிப்பவர் எல்லோரும் ஒரே நாட்டில் இல்லை என்பதை மறந்துவிட்டார். இலங்கைத் தமிழருக்குத் தரப்படுத்தல் என்பது, 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களைப் பாதித்த கொள்கையின் பெயர். அதே பல்கலைக்கழக வாசலில், வேறொரு பொருளில், அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைப்பது நுண்ணுணர்வற்ற செயல்.

வலுவான போட்டிச்சொல் ‘தகுதித் தேர்வு’. பழகிய சொல், சொல்வதற்கும் எளிது. ஆனால் தகுதி என்பது வாசலில் கேட்கப்படுவது, உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே விடைகளை உடையது. ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட்’ வாசலுக்கு உள்ளே நடப்பது. கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் இதற்கு நல்ல சான்று: பள்ளிப்படிப்பை முடித்த எவரும் அங்கே சேரலாம், தகுதி பார்த்து எவரையும் திருப்பி அனுப்புவதில்லை, ஆயினும் இத்தகைய தேர்வுகள் அங்கே நெடுங்காலம் நடந்தன. தாழ்ந்த நிலை என்று முடிவு வந்தவர்கள், பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படைப் பாடங்களைப் படிக்க வேண்டியிருந்தது. பலர் அந்தப் படிகளிலேயே தேங்கிப்போனதால், பள்ளியில் படித்த பாடங்களையும் பெற்ற மதிப்பெண்களையும் கொண்டே நிலையைத் தீர்மானிக்க வழிசெய்யும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. அங்கே எழுந்த சர்ச்சை முழுவதும் நிலையை அளக்கும் முறை பற்றியது. தகுதி பற்றியது அன்று.

‘தகுதித் தேர்வு’ என்ற பெயர் மாணவரின் நடத்தையையும் மாற்றிவிடும். தகுதி என்று படித்தவர் வழிகாட்டி நூல் வாங்குவார், மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்வார், தமக்கு எட்டாத படியில் போய் உட்கார்ந்துகொண்டு முதல் பருவத்திலேயே திணறுவார். படித்ததை நினைவூட்டிக்கொள்ளும் பயிற்சி நல்லதே. மனப்பாடத்தால் பெறும் மதிப்பெண்ணோ, அளவு சொல்லாமல் பெரிய செருப்பை வாங்கி வந்ததைப் போல நடக்கும்போதுதான் தொல்லை தரும்.

ஆகவே ‘நிலையறி தேர்வு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். கல்வியியல் நூல்களில் ‘குறையறி சோதனை’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், இது புதிய வார்ப்பும் அன்று. குறையறி சோதனை மாணவர் எங்கே, எதனால் பிழை செய்கிறார் என்று தேடுவது. நிலையறி தேர்வு அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதோடு நின்றுவிடுவது. ‘தேர்வு’க்குத் தெரிவுசெய்தல் என்ற பொருளும் உண்டே, அதனால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். ‘நிலையறி’ என்ற அடைமொழி அந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடுகிறது. ‘சோதனை’ வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதைத் தள்ளமாட்டேன். ஆனால் நுழைவுத் தேர்வு, பருவத் தேர்வு என்ற வரிசையில் நிற்க வேண்டிய சொல் ‘தேர்வு’ என்றே முடிவது படிப்பவருக்கு வசதி. ‘பரீட்சை’ என்றே வழங்கும் இலங்கையில் ‘நிலையறி பரீட்சை’ என்றாலும் பொருள் கெடாது.

எழுதும்போது ஒற்று மிகாது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நிலையறி தேர்வு’ என்பதில் ‘அறி தேர்வு’ வினைத்தொகை. ‘குடிதண்ணீர்’ போல இயல்பாகவே நிற்கும். ‘நுழைவுத் தேர்வு’ என்பதைப் பார்த்துவிட்டு ‘நிலையறித் தேர்வு’ என்று திருத்தும் மெய்ப்புத் திருத்துநர்கள் தயவுசெய்து கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பெயரைத் திருத்தியபின் வினையைப் பழையபடி விட்டுவைத்தால் பயனில்லை. இத்தகைய தேர்வு பற்றிய குறிப்புகளில் ‘தேர்ச்சி பெற்றார்’, ‘தோல்வியுற்றார்’, ‘தேர்ந்தெடுக்கப்பட்டார்’ ஆகிய மூன்றும் வரக்கூடாது. முன்னே காட்டிய கையேட்டு வாக்கியத்தை, “நிலையறி தேர்வில் முதல் நிலையில் உள்ளோர் துணைப் பாடத்திலிருந்து தொடங்குவர்” என்று எழுதலாம்.