பார்பிகியூவுக்கு விறகு தேடுகிறவர்களுக்கு

போன சனிக்கிழமை இரவு எட்டரை மணியிருக்கும். தொலைபேசி அடித்தது. "சேர், பக்கத்து வளவில இறைச்சி சுடுறாங்க. புகை முழுக்க எங்கட வீட்டுக்குள்ளதான் வருது. மகளுக்கு இழுப்பு வந்திட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

நான் மட்டக்களப்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். புகைத் தொல்லை பற்றிய முறைப்பாடு என்றால் அது எங்கள் மேசைக்குத்தான் வரும். மறுநாள் காலையில் போனேன். பாதியாக அறுத்த எண்ணெய் பீப்பாய், அதற்குள் சாம்பல், பக்கத்தில் எரியாமல் மிச்சமிருந்த இரண்டு கட்டைகள். ஒன்றை எடுத்து அறுத்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் முழுக்க மங்கலான பச்சை ஓடியிருந்தது. பழைய தொலைபேசிக் கம்பம்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். கனடாவிலிருந்து அண்ணன் பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். அவருக்கு மரப்புகை வாசத்தோடு கோழி சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. "நல்லாக் காய்ஞ்ச கட்டை சேர். முப்பது வருஷம் வெயிலில நிண்டது" என்றார். அந்தக் கம்பம் ஏன் முப்பது வருடம் கறையான் தொடாமல் நின்றது என்று அவர் யோசிக்கவில்லை. பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்து, விடிய வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோழியை ஒன்பது பேர் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இது இந்த வருடத்தில் நான் பார்த்த ஐந்தாவது வளவு. முதலாவதில் கப்பல் சரக்கோடு வந்த பலகைத் தட்டு. அடுத்ததில் ரயில் பாதையில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டை. மூன்றாவதில் பெயின்ட் உரிந்த யன்னல் நிலை. நான்காவதில் தளபாடக் கடையிலிருந்து ஒரு உரப்பை மரத்தூள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "நெருப்பில போட்டா எல்லாம் எரிஞ்சி போயிரும்தானே சேர்?"

இல்லை. தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள்.

வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரையில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்புப் போகுமா? போகாது. கிருமி சாகும். நீர் ஆவியாகும், அடியில் மிஞ்சுகிற தண்ணீர் இன்னும் கரிக்கும். நெருப்பின் கதையும் இதுதான். கிருமி உயிருள்ளது, சூட்டில் செத்துப்போகும். ஆர்சனிக், ஈயம், குரோமியம் எல்லாம் தனிமங்கள். விறகு எரிகிற எந்தச் சூட்டிலும் அவை இல்லாமல் போவதில்லை. மரம் எரிந்து தீர்ந்த பிறகு ஒரு பங்கு புகையோடு மேலே போய் இறைச்சியிலும் மூச்சிலும் சேர்கிறது, மிச்சம் சாம்பலில் செறிந்து கிடக்கிறது. மரமாக இருந்தபோது உள்ளே பிடித்து வைத்திருந்ததை நெருப்புத்தான் அவிழ்த்துவிடுகிறது. நிலத்தில் நட்டு நின்ற கம்பத்தை விட எரிந்த கம்பம் ஆபத்தானது.

கம்பங்களுக்குக் கறையான் வராமல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றுவார்கள். அந்தப் பச்சை செம்பினுடையது. வருடக்கணக்கில் வெயில் பட்டால் வெளியே சாம்பல் நிறமாகிவிடும், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். சில வேளை அறுத்தாலும் தெரியாது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் இப்படிப் பதப்படுத்திய ஒட்டுப்பலகையை வீட்டு அடுப்பில் எரித்து, குளிர்காலம் வரும்போதெல்லாம் நோயில் விழுந்தது. முடிகூடக் கொட்டியது. 1984இல் அந்த நாட்டு மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த விடயம் இது. அவர்கள் அதைக் குளிர் காயத்தான் எரித்தார்கள். அந்த நாட்டிலேயே 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரங்களில் இந்தக் கரைசலை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாதம்: "எங்கட அம்மம்மா கண்ட கட்டையெல்லாம் வச்சுத்தான் சமைச்சவ." சமைத்தார். அவர் அடுப்புக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு சட்டி இருந்தது. அதற்கு மூடியும் இருந்தது. பார்பிகியூவில் சட்டி இல்லை. ஈரமான, எண்ணெய் வடிகிற இறைச்சி நேராகப் புகையில் மணிக்கணக்கில் கிடக்கிறது. அங்கே புகையே ஒரு சரக்கு, மிளகாய்த்தூள் மாதிரி. கறிக்குப் போடுகிற தூளில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால் கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறோம். புகைக்கும் அதே கவனம் வேண்டும்.

அப்புறம் அம்மம்மாவின் அடுப்புக்கு வந்தது வேலியோரம் விழுந்த கிளையும் தென்னம் மட்டையும். ஒட்டுப்பலகையும், மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற எம்.டி.எப். பலகையும் அவர் காலத்து வளவில் கிடக்கவில்லை.

சரி, எதையெல்லாம் தொடக்கூடாது?

கம்பம், சிலிப்பர் கட்டை இரண்டும் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். சிலிப்பரில் ஊறியிருப்பது கிரியோசோட் என்ற தார் எண்ணெய். பெயின்ட் பூசியது, வார்னிஷ் அடித்தது, பழைய கதவு நிலை எதுவும் வேண்டாம். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு வந்தது 2013இல்தான், உங்கள் யன்னல் அதற்கு முந்தியதாக இருக்கும். ஒட்டுப்பலகை, எம்.டி.எப். இரண்டிலும் பசை. மலிவுத் தளபாடத்து ரப்பர் மரம் பூச்சி வராமல் மருந்து ஏற்றிய மரம். பலகைத் தட்டில் எச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் 56 பாகை சூட்டில் 30 நிமிடம் வைத்தது, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைட்டு என்ற பூச்சி கொல்லும் வாயு அடித்தது. "எச்.டி. போட்டிருக்கே சேர்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தட்டு சுத்தமாகத்தான் புறப்பட்டிருக்கும். வழியில் அதன் மேல் எந்தப் பூச்சிமருந்துப் பீப்பாய் ஒழுகியது என்று முத்திரை சொல்லாது. அதோடு அது பெரும்பாலும் பைன் மரம், பிசின் நிறைந்தது, இறைச்சியைக் கசக்க வைத்துவிடும்.

மரத்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது சுத்தமாகத் தெரிகிறபடியால். ஓடாவியாரிடம் போய் ஒரு பை தூள் கேட்டால் சிரித்த முகத்தோடு அள்ளித் தருவார். அந்தக் குவியலில் தேக்கு, ரப்பர், ஒட்டுப்பலகை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். "முதிரைத் தூள் மட்டும் தாங்க" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். முதிரை நம் பகுதியின் பெருமை, கதவுக்கு அதைப் போல மரம் கிடையாது. ஆனால் அதன் தூள் பட்டுக் கை முழுக்கத் தடித்து அரிக்கிற ஓடாவிமாரை நான் கண்டிருக்கிறேன். தோலுக்கே ஆகாத மரத்தை மூச்சுக்கும் வயிற்றுக்கும் அனுப்ப வேண்டாம்.

மருந்து படாத பச்சை மரம் என்றாலே நல்லது என்றும் நினைக்காதீர்கள். வாவிக் கரையில் காய்ந்து கிடக்கிற கண்டல் கட்டைகளைப் பொறுக்குகிறவர்களுக்குத் தில்லை மரம் கலந்துவிடும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போய்விடும், எரிகிற புகையும் கண்ணைப் பதம் பார்க்கும். வாவியில் தொழில் செய்கிறவர்கள் அந்த மரத்துக்குக் கிட்டவும் போகமாட்டார்கள், அவர்களிடம் கேளுங்கள். கண்டலை வெட்டுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, இறாலும் மீனும் குஞ்சு வளர்கிற இடம் அது. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு, சிவப்போ மஞ்சளோ, விறகாகவும் வேண்டாம், இறைச்சி கோக்கும் குச்சியாகவும் வேண்டாம். கஜு உடைக்கிற இடத்துக் கோதுக் குவியலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்தக் கோதின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், புகையும் பொல்லாதது. மாவும் கஜுவும் ஒரே குடும்பம். மாம்பால் பட்டுக் கொப்பளிக்கிற ஆள் வீட்டில் இருந்தால் மாங்கட்டையையும் விட்டுவிடுங்கள். வேம்பு நுளம்புக்கு நல்லது, இறைச்சிக்குக் கசப்பு.

இவ்வளவையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, பெரும்பாலும் உங்கள் வேலிக்குள்ளேயே.

சூட்டுக்குச் சிரட்டைக் கரி. அதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை. ஒரே சீராக எரியும், புகை குறைவு, நம் ஊரில் கிடைக்காத இடமில்லை. வாசத்துக்கு மட்டும் மரம். அதுவும் கையளவுத் துண்டு மூன்று நான்கு போதும். பீப்பாய் நிறைய அடுக்குகிறீர்களே, அதில் அரைவாசி அயலவருக்குத்தான் போகிறது. கொய்யாதான் என் முதல் தேர்வு, மென்மையான இனிப்பு வாசம். தோடை, எலுமிச்சை கோழிக்கும் மீனுக்கும் பொருந்தும். நாவலும் புளியும் கனத்த மரம், நின்று எரியும், மாட்டிறைச்சிக்கு அவைதான் தாங்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பாலை விறகு கிடைத்தால் நல்ல தணல் விழும்.

யாரிடம் வாங்குவது? கொய்யாவும் எலுமிச்சையும் வருடத்துக்கு ஒரு தடவை கவாத்துப் பண்ண வேண்டிய மரங்கள். அந்தக் கிளைகளைக் குப்பையோடு கொளுத்துகிறோம். அதை நிறுத்தினாலே வருடம் முழுவதற்கும் போதும். மின்கம்பிக்கு இடைஞ்சலாக நிற்கிற கிளைகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள், என்ன மரம் என்று பார்த்து எடுங்கள். கேட்டு வாங்க வேண்டுமென்றால் போறணை வைத்திருக்கிற பேக்கரிக்காரரிடம் விசாரியுங்கள். அவருக்கு விறகு இறக்குகிறவருக்கு எது எந்த மரம் என்று பட்டையைப் பார்த்தே தெரியும். (பேக்கரிகளைப் பரிசோதிக்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது விறகுக் குவியலைத்தான். பெயின்ட் பலகை கிடந்தால் பாணைப் பற்றிப் பேச்சே இல்லை.) "கலப்பு விறகு" என்றால் வாங்காதீர்கள். ஒரு மரம், அதன் பெயர் சொல்கிற ஆள். ஒதுக்குக் காட்டில் அனுமதியில்லாமல் வெட்டியது வேண்டாம். பலாவையும் பெண் பனையையும் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

இனி நாங்கள் எல்லாரும் கோட்டை விடுகிற இடம், காலம். நத்தாரும் வருடப் பிறப்பும் வருவது மாரியில். ஐப்பசியில் தொடங்கிய மழை தையிலும் விடுவதில்லை. அந்த நேரம் வெளியே கிடக்கிற விறகெல்லாம் ஊறிப் போயிருக்கும். காய்ந்து கிடப்பது வீட்டுக்குள் இருக்கிற பலகையும் பழைய தளபாடமும்தான். டிசம்பரில் டெங்குப் பரிசோதனைக்கு வளவு வளவாக ஏறி இறங்கும்போது, ஏன் இவ்வளவு படித்தவர்கள் யன்னலை எரிக்கிறார்கள் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, அந்த நாளில் அவர்களுக்கு வேறு காய்ந்த மரம் கிடைத்திருக்காது.

ஆகவே இப்போது வெட்டுங்கள். கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசுகிற இந்த மாதங்களை விட்டால் நமக்கு வேறு உலர்த்தும் காலம் இல்லை. கைமொத்தக் கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டாகப் பிளந்து, மண்ணில் படாமல் கல் வைத்து அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்திருக்கட்டும், காற்றுத்தான் காய வைக்கும். மூன்று நான்கு மாதத்தில் முனையில் வெடிப்பு விழும், இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். மந்தமாகக் கேட்டால் இன்னும் ஈரம். மழை தொடங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள். இவ்வளவு பாடுபட்டுக் காய வைத்த பிறகு அதைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், வருவது நீராவி. நல்ல புகை மெல்லியதாக, நீலம் கலந்து இருக்கும். தடித்த வெள்ளைப் புகை வந்தால் இறைச்சியை வைக்காமல் பொறுங்கள்.

மற்றவை சுருக்கமாக. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், பன்னாடையும் காய்ந்த பாளையும் எதற்கு இருக்கின்றன? என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயை அறுக்காதீர்கள். அறுத்த பீப்பாயைக் கவிழ்த்து வையுங்கள், மழைநீர் நின்றால் நுளம்புக் குடம்பி. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, பக்கத்து வீட்டில் இழுப்புக்காரர் இருக்கிறாரா என்று ஒரு சொல் கேளுங்கள். மழை வந்தால் தணலோடு அடுப்பைக் கராஜுக்குள்ளோ விறாந்தைக்குள்ளோ இழுக்காதீர்கள், தணல் இருக்கிற அறையில் ஒருவரும் படுக்காதீர்கள். ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை. செய்யாதீர்கள்.

அந்த வீட்டுக்கு இரண்டு நாளைக்குப் பிறகு மறுபடி போனேன். முதல் தடவை போனபோது சாம்பலைப் பற்றிச் சொல்ல மறந்து வந்துவிட்டேன், இரவு அது நினைவில் வந்து நித்திரை போகவில்லை. வீட்டு அம்மா முருங்கை அடியில் கொட்டியிருந்தார், பக்கத்திலேயே கீரைப் பாத்தி, கோழிகள் கிளறிக்கொண்டு நின்றன. எப்போதும் அப்படித்தான் செய்வாராம், விறகுச் சாம்பல் மரத்துக்கு நல்லதுதானே. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையுறை போட்டு, தண்ணீர் தெளித்து, மேல் மண்ணோடு சேர்த்துச் சுரண்டி, இரட்டை உரப்பையில் கட்டினோம். கீரையை வேரோடு பிடுங்கச் சொன்னேன். கோழிகளைக் கூட்டில் அடைக்கச் சொன்னேன்.

வரும்போது வேலியோரம் ஒரு கொய்யா நிற்பதைப் பார்த்தேன். அடர்ந்து, கிளை ஒன்றையொன்று உரசிக்கொண்டு. வீட்டுக்காரர் கத்தி எடுக்கப் போனார்.