படியளந்த நகரம்: உரூக்கின் தானியக் கணக்கு

கி.மு. 3200 வாக்கில் இன்றைய தெற்கு ஈராக்கில், அன்றைய சுமேரில், உரூக் நகரம் சுமார் 250 ஹெக்டேரில் பரவியிருந்தது. அங்கே 25,000 முதல் 50,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வயலுக்குப் போய்வந்த உழவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் நெசவாளர், குயவர், கொல்லர், பூசகர், கணக்கர் என்று ஏர் பிடிக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முதல் நகரங்களைப் பற்றிப் பேசும்போது கோயிலிலும் அரசனிலும் தொடங்குவது வழக்கம். பார்லியிலிருந்து தொடங்கினால் நகரம் இயங்கிய விதம் இன்னும் தெளிவாகப் பிடிபடும்.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். பிற்காலச் சுமேரியப் பதிவுகளில் (கி.மு. 2100 வாக்கு) கூலியாகத் தரப்பட்ட பார்லி, ஆணுக்கு மாதம் 60 லிட்டர், பெண்ணுக்கு 30 லிட்டர், குழந்தைகளுக்கு அதற்கும் குறைவு. தலைக்குச் சராசரி 30 லிட்டர் என்று வைத்தால், 30,000 பேருக்கு ஆண்டுக்கு 1.08 கோடி லிட்டர் வேண்டும். எடையில் இது ஏறத்தாழ 6,500 டன். ஹெக்டேருக்கு ஒரு டன் என்று குறைத்தே மதிப்பிட்டால் 6,500 ஹெக்டேர் விளைய வேண்டும். நிலத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசு போட்டார்கள் என்பதால் 13,000 ஹெக்டேர் கைவசம் இருக்க வேண்டும். விதைக்கு எடுத்து வைப்பதும் எலி தின்பதும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த நிலத்துக்கு வானம் உதவாது. ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதை நம்பிப் பயிர் செய்ய முடியாது. ஆறு இருக்கிறது, ஆனால் அதன் காலம் பயிரின் காலத்தோடு ஒத்துப்போகாது. விதைப்பு அக்டோபர், நவம்பரில்; அப்போது யூப்ரடீஸில் நீர் மிகக் குறைவு. இன்றைய துருக்கியிலுள்ள அனத்தோலிய மலைகளின் பனி உருகி வெள்ளம் வருவதோ ஏப்ரல், மே மாதங்களில், கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் நேரத்தில். எனவே முதலில் நீரைக் கொண்டுவர வேண்டும், பிறகு அதே நீரைத் தடுத்து நிறுத்தவும் வேண்டும். வசதி ஒன்று உண்டு: வண்டல் படிந்து படிந்து ஆற்றின் படுகையும் கரையும் சுற்றுச் சமவெளியைவிட உயர்ந்து நிற்கும். கரையை வெட்டிவிட்டால் நீர் தானாகவே வயலுக்கு இறங்கும், ஏற்றம் இறைக்க வேண்டியதில்லை.

பெரிய கால்வாய்களை நிர்வகிக்கத்தான் அரசு பிறந்தது என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. களச் சான்று அதற்குப் பக்கபலமாக இல்லை. தொடக்க கால வாய்க்கால்கள் குட்டையானவை, சில கிராமத்தார் கூடி வெட்டித் தூர்வாரக்கூடியவை. பெருங்கால்வாய்கள் வந்தபோது நகரமும் அதிகாரமும் ஏற்கெனவே இருந்தன. விளைச்சலைவிட, விளைந்ததை ஓரிடத்தில் சேர்த்துப் பிரித்துக் கொடுப்பதுதான் கடினமான வேலை என்பது என் கணிப்பு.

சேர்ப்பதற்குப் படகு உதவியது. கழுதை ஒன்று 80 கிலோ சுமக்கும் என்றால் 6,500 டன்னுக்கு 81,000 நடைக்கு மேல் போக வேண்டும், வழியில் கழுதைக்கும் தீனி போட வேண்டும். வாய்க்காலிலும் ஆற்றிலும் மிதக்கவிட்டால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். தொடக்க நகரங்கள் நீர்வழிகளை ஒட்டியே அமைந்ததற்கு இது ஒரு காரணம்.

சேர்த்த தானியத்தைக் காக்க உருளை முத்திரை இருந்தது. விரல் பருமனுள்ள கல் உருளையில் உருவங்களைக் குடைந்திருப்பார்கள். களஞ்சியக் கதவின் கயிற்றைச் சுவரிலிருக்கும் முளையில் சுற்றி, அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, உருளையை உருட்டுவார்கள். மண்ணை உடைக்காமல் கதவைத் திறக்க முடியாது. உடைந்த மண்கட்டியும் குப்பைக்குப் போகவில்லை. அதே காலத்தில் கிழக்குத் துருக்கியின் அர்ஸ்லான்தெபெயில் இயங்கிய அரண்மனை வளாகத்தில் இத்தகைய உடைந்த முத்திரைகள் 2,000-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எந்த அலுவலர் எத்தனை முறை திறந்தார் என்பதற்கு அவையே சாட்சி. எழுத்து இல்லாத இடத்தில் நடந்த தணிக்கை இது.

பிரித்துக் கொடுத்ததன் தடயம் ஒரு மட்டமான கிண்ணம். விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, உமியும் வைக்கோலும் கலந்த களிமண்ணை அச்சில் அழுத்திச் செய்தது, குறைந்த வெப்பத்தில் சுட்டது. நீர் ஊற்றினால் கசியும். உரூக் காலத்து இடங்கள் சிலவற்றில் தோண்டியெடுத்த மட்பாண்டங்களில் பாதிக்கும் மேல் இவைதான். பயன்படுத்தித் தூக்கியெறிந்த பொருள் என்பது பார்த்தாலே தெரியும். கூலித் தானியம் அளந்த கிண்ணம் என்பது ஒரு கட்சி. அளவுகள் ஒன்றுபோல் இல்லையே, ரொட்டி சுடும் அச்சாக இருக்கலாம் என்பது மறு கட்சி. எதுவானாலும் பலருக்கு ஒரே நேரத்தில் உணவு போயிருக்கிறது. பின்னர் வந்த களிமண் எழுத்துப் பலகைகளில் ‘உணவு, படி’ என்பதற்கான குறி இந்தக் கிண்ணத்தின் வடிவம். ‘உண்’ என்பதற்கு மனிதத் தலையின் அருகே அதே கிண்ணம்.

களஞ்சியம் பெருகி, கைமாறும் பொருள் பலவகையானபோது நினைவாற்றலும் முத்திரையும் போதவில்லை. முதலில் சிறு களிமண் வில்லைகளை எண்ணிக்கைக்கு வைத்தார்கள். பிறகு அவற்றை மண் உருண்டைக்குள் அடைத்து மேலே முத்திரை உருட்டினார்கள். உள்ளே எத்தனை என்று தெரிய உருண்டையின் வெளியில் குழி பதித்ததும் உண்டு. அடுத்து எண்கள் மட்டும் பதித்த தட்டைப் பலகைகள், அதன்பின் எண்ணோடு பொருளின் படம். இந்த வரிசை ஒழுங்காகத் தோன்றினாலும் பழைய முறையும் புதிய முறையும் பலகாலம் கூடவே ஓடின.

உரூக்கில் கிடைத்த இத்தகைய ஆரம்பப் பலகைகளும் துண்டுகளும் 5,000 அளவில் இருக்கும். பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டே வெறும் வரவுசெலவு. மீதி, எழுத்தர் பயிற்சிக்கான சொற்பட்டியல்கள். கதை, பாட்டு, அரச வரலாறு எதுவும் இல்லை. இலக்கியம் பலகையில் ஏறப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இந்தக் கணக்கைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. எண்ணும் பொருளுக்கு ஏற்ப எண்முறை மாறும். நெல்லை 12 மரக்கால் ஒரு கலம் என்று அளந்துவிட்டு வெற்றிலையைக் கவுளியில் எண்ணுகிறோமே, அது போல. ஆனால் உரூக்கில் குறிகள் ஒன்றே, மதிப்பு மட்டும் வேறு. எழுத்தாணியைச் சாய்த்து அழுத்திய சிறு குழி ஒன்று; நேராக அழுத்திய வட்டம் அதற்கு மேற்பட்ட அலகு. ஆடு எண்ணும்போது ஒரு வட்டம் 10 குழிகளுக்குச் சமம், பார்லி அளக்கும்போது 6 குழிகளுக்கு. ஆகவே இரண்டு வட்டமும் மூன்று குழியும் ஆட்டுக் கணக்கில் 23, பார்லிக் கணக்கில் 15. இப்படிப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட முறைகள் புழங்கின. பார்லி முறையின் சரியான விகிதங்களை ஸ்வீடன் கணிதவியலாளர் யோரன் ஃப்ரிபெரி 1978-இல் நிறுவும் வரை, நவீன ஆய்வாளர்களின் கூட்டல்களும் பிழையாகத்தான் இருந்தன.

புகழ்பெற்ற ஒரு பலகை 29,086 அளவு பார்லி, 37 மாதம், ‘குஷிம்’ என்கிறது. குஷிம் ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்ற விவாதம் முடியவில்லை. பியருக்கு வேண்டிய முளைதானியமும் நொய்யும் வைத்த கிடங்கு அவர் பொறுப்பு. கணக்குகளில் ஆட்களும் வருகிறார்கள். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் குறி, பெண்ணும் மலையும் சேர்ந்தது. சமவெளிக்கு வெளியே மலைநாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் என்று இதைப் பலர் விளக்குகிறார்கள். கணக்கர்கள் மந்தையை வகைபிரித்தது போலவே இவர்களையும் வகைபிரித்து எழுதினார்கள்.

பெரிய குடியிருப்பு என்றாலே இப்படித்தான் ஆகும் என்றும் சொல்ல முடியாது. உக்ரைனின் தாலியான்கி, உரூக்குக்கு முந்தியது, பரப்பில் 300 ஹெக்டேருக்கும் மேல். அங்கே எழுத்தும் இல்லை, அரண்மனையும் கிடைக்கவில்லை. அங்கே மழையிலேயே பயிர் விளையும். பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்த்துப் போகலாம். உரூக்கில் வாய்க்காலை விட்டுப் போனவருக்கு விளைநிலம் இல்லை.

தெற்குச் சுமேரில் நீர்ப்பாசனம் தன் கெடுதலையும் கூடவே கொண்டுவந்தது. வண்டல் வாய்க்காலை அடைக்கும், அதை ஆண்டுதோறும் தோண்டி எடுக்க ஆள் வேண்டும். அதைவிடக் கொடியது உப்பு. ஆற்றுநீரில் கரைந்திருக்கும் சிறிதளவு உப்பு, நீர் ஆவியானதும் மண்ணிலேயே தங்கும். சமவெளியில் சரிவு மிகக் குறைவு என்பதால் மிகுநீர் வடியாது. நிலத்தடி நீர் மேலேறி, மண்ணின் நுண்துளைகள் வழியே உப்பை வேர்மட்டத்துக்கு இழுத்துவரும். இதற்குத் தரிசுதான் மருந்து. அந்த ஆண்டில் முளைக்கும் ஒட்டகமுள்ளும், நம் சீமைக்கருவேலத்தின் உறவான குட்டை முட்செடியும் ஆழமாக வேர்விட்டு அடிமண் நீரை உறிஞ்சும். உப்பு மேலே ஏறாது. கூடுதல் தானியம் கேட்டு நெருக்கும் அரசின் கீழ்த் தரிசைத் தவிர்த்தால், இரண்டு மூன்று போகத்துக்கு விளைச்சல் கூடிப் பிறகு வயல் வெளுத்துப்போகும்.

கோதுமையைவிடப் பார்லி உப்பைத் தாங்கும். ஆய்வாளர்கள் தோர்கில்ட் யாக்கோப்சனும் ராபர்ட் ஆடம்ஸும் 1958-இல் வெளியிட்ட கணக்குப்படி, தெற்கில் கி.மு. 3500 வாக்கில் ஏறத்தாழச் சம அளவில் விளைந்த கோதுமை, 2100 வாக்கில் நூற்றுக்கு இரண்டாகச் சுருங்கியது. ஹெக்டேருக்கு 2,537 லிட்டராக இருந்த விளைச்சல் (2400 வாக்கு) 1700 வாக்கில் 897 ஆனது. இந்த எண்களைக் குறைசொல்பவர்கள் உண்டு: ஓரிரு ஊர்களின் பதிவுகளை வைத்து நாட்டுக்கே கணக்குச் சொல்வது சரியல்ல, கோதுமை குறைய வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கி.மு. 1700-ஐ ஒட்டித் தெற்கின் பழைய நகரங்கள் பல காலியாகின, அதிகாரம் வடக்கே பாபிலோனிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை.